கான்டாக்டரைத் திறந்து காந்தவியல் கற்பது எப்படி: மின்பணி மாணவர்களுக்கான வழிகாட்டி

மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான கான்டாக்டர் ஒன்று உறுமத் தொடங்கினால், அனுபவமில்லாதவர் உடனே அதன் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, மாற்றுவார். காந்தவியல் தெரிந்தவர் முதலில் அதன் இரும்புப் பரப்புகளைத் துடைத்துப் பார்ப்பார். மின்பணி பயிலும் மாணவர்களில் பலர் விதிகளையும் அலகுகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, வேலைக்குச் சென்றபின் அவற்றுக்கும் கையிலுள்ள கருவிக்கும் தொடர்பில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, கிளாம்ப் மீட்டர் ஆகிய அனைத்தின் அடிப்படையும் ஒரு சிறிய கான்டாக்டருக்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி சில எளிய சோதனைகளில் தொடங்கி, இறுதியில் ஒரு கான்டாக்டரைத் திறந்து பார்ப்பதில் வந்து நிற்கிறது.

தேவையான பொருட்கள்: ஒரு சட்டக் காந்தம், சிறிய திசைகாட்டி, இரும்புத் தூள், குண்டூசிகள், 10 மி.மீ. தடிமனுள்ள சாதாரண இரும்பு போல்ட் ஒன்று, 0.5 மி.மீ. விட்டமுள்ள எனாமல் பூசிய செப்புக் கம்பி 13 மீட்டர், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய டி.சி. மின்வழங்கி, மல்டிமீட்டர், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட ஏ.சி. கான்டாக்டர் ஒன்று.

புலத்தைக் கண்ணால் பார்த்தல்

காந்தத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரும்புத் தூளை மெல்லத் தூவி, தாளின் ஓரத்தை விரலால் தட்டவும். தூள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வளைந்து செல்லும் கோடுகளாக அமையும். தூளை நேரடியாகக் காந்தத்தின் மீது கொட்டிவிடாதீர்கள். அதைத் துடைத்தெடுக்க அரை நாள் ஆகும். தாளின்மேல் திசைகாட்டியை நகர்த்திச் சென்றால், முள்ளின் வடமுனை காந்தத்தின் வடதுருவத்திலிருந்து விலகித் தென்துருவத்தை நோக்கித் திரும்புவதைக் காணலாம். காந்தத்திற்கு வெளியே விசைக்கோடுகள் வடதுருவத்திலிருந்து தென்துருவத்திற்கும், காந்தத்தின் உள்ளே தென்துருவத்திலிருந்து வடதுருவத்திற்கும் செல்வதாகக் கொள்கிறோம். விசைக்கோடு ஒவ்வொன்றும் தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு மூடிய வளையம் என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னர் வரும் காந்தச் சுற்று என்னும் கருத்து முழுவதும் இதன்மீதே நிற்கிறது.

இந்தக் கோடுகளின் மொத்த அளவைக் காந்தப் பாயம் என்கிறோம். அதன் அலகு வெபர். ஒரு சதுர மீட்டர் பரப்பைச் செங்குத்தாகக் கடக்கும் பாயம் பாய அடர்த்தி ஆகும். அதன் அலகு டெஸ்லா. இந்த எண்களின் அளவை உணர்ந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும்: பூமியின் காந்தப்புலம் அதன் பரப்பில் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோ டெஸ்லா வரை உள்ளது, டிரான்ஸ்ஃபார்மரின் சிலிக்கான் எஃகு உள்ளகமோ வழக்கமாக 1.5 டெஸ்லாவுக்கும் சற்று மேலான அடர்த்தியில் இயங்குகிறது.

இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவையும் அவற்றின் கலவைகள் பலவும் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும். செம்பு, அலுமினியம், பித்தளை ஆகியவற்றில் அந்த ஈர்ப்பை நாம் உணரவே முடியாது. துருப்பிடிக்காத எஃகில் மட்டும் கவனம் தேவை. 430 வகை ஈர்க்கப்படும், 304 வகை பெரும்பாலும் ஈர்க்கப்படாது. எனவே காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து ஓர் உலோகம் எஃகு இல்லை என்று முடிவுசெய்யக் கூடாது.

காந்தப் பொருட்களுக்குள்ளும் இரண்டு குணங்கள் உண்டு. மென்னிரும்பு எளிதில் காந்தமாகி, புலம் நீங்கியவுடன் காந்தத்தன்மையைப் பெரும்பாலும் இழந்துவிடும். கடின எஃகு தயங்கித்தான் காந்தமாகும், ஆனால் ஆனபின் அதை விடாது. திருப்புளியின் முனையைக் காந்தத்தின் மேல் ஒரே திசையில் பல முறை தேய்த்தால் அது திருகுகளைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். மின்காந்தத்தின் உள்ளகத்திற்கு மென்னிரும்பும் நிலைக்காந்தத்திற்குக் கடினப் பொருளும் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நிலைக்காந்தமாக இருந்தாலும் சூடு அதற்கு ஆகாது. இரும்பு 770 டிகிரி செல்சியஸில் தன் வலுவான காந்தப் பண்பை முற்றிலும் இழக்கிறது. சாதாரணத் தர நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினாலே நிலையாக வலுவிழக்கத் தொடங்கும்.

கம்பியைச் சுற்றியுள்ள புலம்

மின்னோட்டத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பை 1820 இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் வெளியிட்டார். அதே சோதனையை நீங்களும் செய்யலாம். திசைகாட்டியின் முள் நிற்கும் வடக்கு-தெற்குத் திசைக்கு இணையாக, அதன் மேலே ஒரு கம்பியை நீட்டி வைத்து, மின்வழங்கியின் மின்னோட்ட வரம்பை 2 ஆம்பியருக்கு அமைத்துச் சில நொடிகள் மட்டும் மின்சாரம் செலுத்தவும். முள் பக்கவாட்டில் திரும்பும். முனைகளை மாற்றி இணைத்தால் எதிர்ப்புறம் திரும்பும். கம்பியை முள்ளுக்குக் குறுக்கே, கிழக்கு-மேற்காக வைத்துச் செய்து பார்த்தவர்கள் 'சோதனை வேலை செய்யவில்லை' என்று சொல்வதுண்டு. அப்போது கம்பியின் புலமும் பூமியின் புலமும் ஒரே கோட்டில் அமைந்துவிடுவதால் முள் பெரும்பாலும் அசையாது.

திசையை அறிய வலக்கைப் பிடி விதி போதும். மின்னோட்டத்தின் திசையைக் கட்டை விரல் காட்டும்படி கம்பியை வலக்கையால் பிடிப்பதாக நினைத்துக்கொண்டால், மற்ற விரல்கள் வளையும் திசையே புலத்தின் திசை. அளவைப் பொறுத்தவரை, 10 ஆம்பியர் செல்லும் நீண்ட நேரான கம்பியிலிருந்து 1 சென்டிமீட்டர் தொலைவில் பாய அடர்த்தி 200 மைக்ரோ டெஸ்லா ஆகும். மின்னோட்டம் இருமடங்கானால் புலமும் இருமடங்காகும்; தொலைவு இருமடங்கானால் புலம் பாதியாகும்.

இந்தச் சிறிய விதியிலிருந்து மின்பணியில் அன்றாடம் பயன்படும் சில உண்மைகள் கிடைக்கின்றன. கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் சேர்த்து விட்டால், எதிரெதிர்த் திசைகளில் செல்லும் சமமான மின்னோட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால், மீட்டர் சுழியைக் காட்டும். அப்போதும் சுழியல்லாத மதிப்பு வந்தால், மின்கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்க வேண்டுமானால், ஒரே கம்பியை வாய்க்குள் 10 முறை சுற்றி, வரும் மதிப்பை 10 ஆல் வகுக்கலாம். அதேபோல, அதிக ஏ.சி. மின்னோட்டம் செல்லும் ஒற்றைக் கம்பி கேபிள்களை எஃகுத் தகட்டில் தனித்தனித் துளைகள் வழியே கொண்டுசென்றால், ஒவ்வொரு துளையைச் சுற்றியுள்ள இரும்பும் மாறும் பாயத்தால் சூடேறும். ஒரே மின்சுற்றைச் சேர்ந்த எல்லாக் கம்பிகளையும் ஒரே துளை வழியே செலுத்தினால் அந்தச் சிக்கல் எழாது.

போல்ட்டில் ஒரு மின்காந்தம்

போல்ட்டின் மீது ஒரு சுற்று காகிதம் ஒட்டி, எனாமல் கம்பியை நெருக்கமாக, ஒரே திசையில், 100 சுற்றுகள் சுற்றவும். ஏறத்தாழ 55 மி.மீ. நீளத்தில் ஓர் அடுக்கு முடியும். அங்கே கம்பியை வெட்டாமல் ஒரு சிறு வளையமாக வெளியே இழுத்துவிட்டு, இரண்டாம் அடுக்கில் 100, அதன்பின் இன்னொரு வளையம், மூன்றாம் அடுக்கில் 100 என்று தொடரவும். அடுக்கு திரும்பும்போது சுற்றும் திசையை மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் ஓர் அடுக்கின் காந்தம் அடுத்ததை அழிக்கும். வளையங்களிலும் முனைகளிலும் எனாமலைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ முழுமையாகச் சுரண்டுங்கள். பயிற்சிக் கூடத்தில் 'மின்காந்தம் வேலை செய்யவில்லை' என்று வரும் பத்துப் புகார்களில் பெரும்பாலானவை சுரண்டாத எனாமலில் முடியும்.

முதலில் மின்னோட்டத்தை 1 ஆம்பியரில் நிலைநிறுத்தி, 100, 200, 300 சுற்றுகளில் எத்தனை குண்டூசிகள் ஒட்டுகின்றன என்று எண்ணவும். சுற்றுகள் கூடக் கூட ஊசிகளும் கூடும். பாயத்தை உண்டாக்கித் தள்ளுவது மின்னோட்டமும் சுற்று எண்ணிக்கையும் பெருகிய மதிப்பு, அதாவது ஆம்பியர்-சுற்று. இதைக் காந்த இயக்கு விசை என்பர்.

அடுத்த சோதனையில்தான் பலரும் திகைக்கிறார்கள். இம்முறை மின்னோட்டத்தை அல்ல, காயிலின் முனைகளில் அளந்த மின்னழுத்தத்தை 1 வோல்ட்டில் நிலைநிறுத்தி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டும் மின்சாரம் கொடுக்கவும். நான் மேலே சொன்ன அளவுகளுக்குக் கணக்கிட்டால், 100 சுற்றுகளின் மின்தடை சுமார் 0.31 ஓம், மின்னோட்டம் 3.2 ஆம்பியர், பெருக்கல் 320 ஆம்பியர்-சுற்று. 300 சுற்றுகளுக்கு மின்தடை சுமார் 1.02 ஓம், மின்னோட்டம் 0.98 ஆம்பியர், பெருக்கல் 294 ஆம்பியர்-சுற்று. சுற்றுகளை மும்மடங்காக்கியும் காந்தம் வலுப்படவில்லை. வெளியடுக்குகளில் ஒரு சுற்றுக்கான கம்பி நீளம் அதிகமாவதால் சற்றுக் குறையவும் செய்கிறது. சுற்றுகள் கூடிய அளவுக்கு மின்தடையும் கூடி மின்னோட்டத்தைக் குறைத்துவிட்டதே காரணம். மாறாத டி.சி. மின்னழுத்தத்தில் காயிலின் காந்த இயக்கு விசையை உயர்த்த வேண்டுமானால் தடித்த கம்பிதான் வழி; சுற்றுகளைக் கூட்டுவது காயிலின் சூட்டைக் குறைக்க மட்டுமே உதவும். எரிந்துபோன டி.சி. காயிலைத் திரும்பச் சுற்றும்போது கம்பியின் தடிமனை மாற்றக் கூடாது என்று மூத்தவர்கள் கண்டிப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

போல்ட்டின் எந்த முனை வடதுருவம் என்று அறிய, அந்த முனையை நேருக்கு நேர் பாருங்கள். மின்னோட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் அது வடதுருவம், கடிகாரத் திசையில் சுற்றினால் தென்துருவம். திசைகாட்டியை அருகில் கொண்டுசென்று சரிபார்க்கவும்.

காற்றிடைவெளியின் விலை

மின்சுற்றில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை இருப்பதுபோல, காந்தச் சுற்றில் ஆம்பியர்-சுற்று, பாயம், காந்தத் தடை உள்ளன. பாதையின் நீளம் கூடினால் காந்தத் தடை கூடும். குறுக்குவெட்டுப் பரப்பும் பொருளின் உட்புகுதிறனும் (பாயத்தை எவ்வளவு எளிதில் செல்லவிடும் என்பதன் அளவு) கூடினால் அது குறையும். இதை வெறும் ஒப்புமையாக விட்டுவிடாமல் ஒரு முறை எண்களில் போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஓர் இரும்பு உள்ளகத்தின் சராசரிப் பாதை நீளம் 30 சென்டிமீட்டர், ஒப்புமை உட்புகுதிறன் 2000, அதாவது காற்றைப்போல் 2000 மடங்கு, என்று கொள்வோம். அதில் 1 டெஸ்லா உண்டாக்க ஒரு மீட்டருக்குச் சுமார் 398 ஆம்பியர்-சுற்று தேவை; 30 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 120. இப்போது அந்த வளையத்தை அறுத்து 1 மி.மீ. இடைவெளி விடுவோம். காற்றில் 1 டெஸ்லா உண்டாக்க மீட்டருக்குச் சுமார் 7,96,000 ஆம்பியர்-சுற்று வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 796. முப்பது சென்டிமீட்டர் இரும்பு 120 கேட்க, நகக் கண் அளவுகூட இல்லாத காற்று 796 கேட்கிறது. மொத்தத் தேவையான 916 இல் ஏழில் ஆறு பங்குக்கும் மேல் காற்றுக்கே போய்விடுகிறது.

நேரான போல்ட் ஏன் இவ்வளவு பலவீனமானது என்பதும் இதிலிருந்து தெரியும். அதன் விசைக்கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்று வழியாகவே திரும்புகின்றன. வில்லியம் ஸ்டர்ஜன் 1825 இல் செய்து காட்டிய மின்காந்தம் குதிரை லாட வடிவில் இருந்தது. சுமார் 200 கிராம் எடையுள்ள அந்த இரும்பு ஏறத்தாழ 4 கிலோ எடையைத் தூக்கியது. இரு துருவங்களையும் பக்கத்தில் கொண்டுவந்து, தூக்கப்படும் இரும்பையே பாதையின் மிச்சமாக்குவதுதான் அந்த வடிவத்தின் பயன். இழுவிசை பாய அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது: 1 டெஸ்லாவில் ஒரு சதுர சென்டிமீட்டர் துருவப் பரப்புக்குச் சுமார் 40 நியூட்டன், அதாவது 4 கிலோ எடைக்குச் சமமான விசை, 0.5 டெஸ்லாவில் அதில் கால் பங்குதான்.

ஆம்பியர்-சுற்றை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டே போகலாம் என்றும் எண்ண வேண்டாம். ஓர் அளவுக்குமேல் இரும்பு தெவிட்டிவிடும், அதாவது அதில் பாயம் மேலும் அதிகம் கூடாது. அதன்பின் மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடு மட்டுமே கூடும்.

தூண்டல்

போல்ட் காயிலின் 300 சுற்றுகளையும் மல்டிமீட்டரின் டி.சி. மில்லிவோல்ட் அளவில் இணைத்து, சட்டக் காந்தத்தைப் போல்ட்டின் முனையருகே வேகமாகக் கொண்டுசெல்லவும். எண் ஒரு நொடி எழுந்து விழும். காந்தத்தை அப்படியே வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. விலக்கினால் எதிர்க்குறியில் எழும். மைக்கேல் ஃபாரடே 1831 இல் கண்டது இதுவே: காந்தம் இருப்பதால் மின்னியக்கு விசை தோன்றாது, பாயம் மாறுவதால்தான் தோன்றும். பாயம் 0.1 நொடியில் 0.00002 வெபர் மாறினால், 300 சுற்றுகளில் 0.06 வோல்ட், அதாவது 60 மில்லிவோல்ட் தூண்டப்படும். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில் அமையும் என்பது லென்ஸ் விதி.

தன் காயிலில் மின்னோட்டம் மாறும்போதும் இதே எதிர்ப்பு எழுகிறது. 1 ஹென்றி தூண்டல் எண்ணுள்ள ரிலே காயிலில் 0.1 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க, அது ஒரு மில்லி நொடியில் சுழியானால் 100 வோல்ட் எழும். பத்தில் ஒரு மில்லி நொடியில் சுழியானால் 1000 வோல்ட். டி.சி. ரிலேயின் காயிலுக்கு இணையாக டயோடு போடுவது, கேத்தோடு நேர்முனையில் இருக்கும்படி தலைகீழாக, இந்த எழுச்சிக்கு வழிவிடத்தான். டயோடு இருந்தால் ரிலே விடுபடச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதம் பொறுக்கக்கூடியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ.சி. காயிலுக்கு இந்த முறை பொருந்தாது.

பெரிய மின்னோட்டத்தைச் சிறியதாக்கி மீட்டருக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரம் செல்லும்போது அதன் இரண்டாம் நிலைச் சுற்றைத் திறந்து வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இதே விதியின் விளைவுதான். இரண்டாம் நிலையின் மின்னோட்டம் முதல்நிலையின் ஆம்பியர்-சுற்றைச் சமன்செய்துகொண்டிருக்கிறது. அதைத் துண்டித்தால் முதல்நிலையின் ஆம்பியர்-சுற்று முழுவதும் உள்ளகத்தைக் காந்தமாக்கச் செலவாகி, திறந்த முனைகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தோன்றும். மீட்டரைக் கழற்றும் முன் முனைகளைக் குறுக்கே இணைத்துவிடுங்கள்.

ஃபிளெமிங்கின் விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடக்கை மோட்டாருக்கு, வலக்கை ஜெனரேட்டருக்கு; இரண்டிலும் சுட்டுவிரல் புலத்தையும், நடுவிரல் மின்னோட்டத்தையும், கட்டை விரல் இயக்கத்தையும் காட்டும். 0.8 டெஸ்லா புலத்தில் 0.25 மீட்டர் நீளக் கம்பியில் 10 ஆம்பியர் சென்றால் அதன்மேல் 2 நியூட்டன் விசை செயல்படும். அதே கம்பியை அதே புலத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகர்த்தினால் 2 வோல்ட் தூண்டப்படும்.

கான்டாக்டருக்குள்

இப்போது கான்டாக்டரை எடுத்துக்கொள்ளலாம். அது எந்தச் சுற்றிலும் இணைக்கப்படாமல் இருப்பதை உறுதிசெய்தபின், இரு பாதிகளையும் பிரிக்கவும். உள்ளே உள்ள ஸ்பிரிங் துள்ளி விழாதபடி கையால் அணைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால்கள் கொண்ட இரண்டு இரும்பு உள்ளகங்கள் ஒன்றையொன்று நோக்கி இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அவை ஒரே கட்டியாக அல்லாமல் மெல்லிய தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்தவையாகத் தெரியும். மாறும் பாயம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். தகடுகளாக்கினால் அந்தப் பாதைகள் துண்டுபடும். சுழல் மின்னோட்ட இழப்பு தகட்டின் தடிமனின் இருமடியில் மாறுவதால், தடிமனைப் பாதியாக்கினால் இழப்பு கால் பங்காகும்.

வெளிக்கால்களின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். அந்த முகத்தில் வெட்டப்பட்ட குழியில் செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன ஒரு சிறு வளையம் பதிந்திருக்கும். அதுவே ஷேடிங் வளையம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பாயம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடக்கிறது; அந்தக் கணங்களில் இழுவிசை இல்லாமல் போய் ஸ்பிரிங் ஆர்மேச்சரை, அதாவது உள்ளகத்தின் அசையும் பாதியை, தள்ள முற்படும். வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம், அது சூழ்ந்துள்ள பகுதியின் பாயத்தைச் சற்றுப் பின்தங்க வைப்பதால், ஒரு பகுதி சுழியாகும்போது மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். வளையம் விரிந்து போயிருந்தால் மின்னோட்டம் ஓடாது, கான்டாக்டர் கடகடக்கும். ஒரு முறை நான் ஒரே கான்டாக்டருக்கு இரண்டு புதிய காயில்கள் போட்ட பிறகே, வளையத்தின் மூலையில் இருந்த மயிரிழை விரிசலைக் கவனித்தேன்.

நடுக்காலை வெளிக்கால்களுடன் ஒப்பிட்டால் அது சற்றுக் குட்டையாக இருப்பதைப் பல கான்டாக்டர்களில் காணலாம். அது தேய்மானம் அன்று. வேண்டுமென்றே விட்ட இடைவெளி. இல்லாவிட்டால் மின்சாரம் நின்றபின்னும் எஞ்சிய காந்தமே ஆர்மேச்சரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேய்ந்து தேய்ந்து இந்த இடைவெளி மறைந்துவிட்ட பழைய கான்டாக்டர், நிறுத்து பட்டனை அழுத்தியும் விடுபடாமல் ஒட்டிக்கொள்ளும். அது ஆபத்தான நிலை. அப்படிப்பட்டதை அராவிச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுவதே முறை. முகங்களை உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு. உலர்ந்த சுத்தமான துணி போதும்.

இறுதியாக, ஏ.சி. காயில் எரிவதற்கான முதன்மைக் காரணம். ஏ.சி.யில் மின்னழுத்தம், அதிர்வெண், சுற்று எண்ணிக்கை ஆகியவையே பாயத்தின் உச்ச மதிப்பை ஏறத்தாழ முடிவுசெய்கின்றன. ஆர்மேச்சர் திறந்திருக்கும்போது அந்தப் பாயத்தைப் பெரிய காற்றிடைவெளி வழியே செலுத்த வேண்டியிருப்பதால், மேலே கணக்கிட்டதுபோல் பன்மடங்கு ஆம்பியர்-சுற்று தேவைப்படுகிறது. சுற்றுகள் மாறாதவை, ஆகவே மின்னோட்டமே உயர்கிறது. ஆர்மேச்சர் மூடியதும் இடைவெளி மறைந்து மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். தூசியோ கம்பித் துணுக்கோ இடையில் சிக்கி ஆர்மேச்சர் பாதியில் நின்றால், நொடிப்பொழுதுக்கு மட்டுமே தாங்கக்கூடிய மின்னோட்டம் தொடர்ந்து ஓடிக் காயில் கருகும். டி.சி. காயிலில் மின்னோட்டத்தை மின்தடை மட்டுமே தீர்மானிப்பதால் இந்த நிலை வராது. ஆனால் ஏ.சி. காயிலுக்கு அதே அளவு டி.சி. மின்னழுத்தம் கொடுத்தால், தூண்டலின் தடுப்பு இல்லாமல் அது விரைவில் எரிந்துவிடும்.

துடைத்த பாதிகளைத் திரும்பப் பொருத்தியபின், மின்சாரம் கொடுக்கும் முன் ஆர்மேச்சரைக் கையால் நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள். எங்கும் உரசாமல் இறங்கி, ஸ்பிரிங்கின் விசையால் தானாகவே முழுவதும் மேலெழ வேண்டும். பிறகு காயிலில் எழுதியுள்ள மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் சரிபார்த்து, உருகியுடன் கூடிய சோதனை இணைப்பில் பயிற்றுநர் முன்னிலையில் மின்சாரம் கொடுக்கவும். ஒரே ஒரு தட்டொலி கேட்டு, அதன்பின் காதை நெருக்கமாகக் கொண்டுசென்றால் மட்டுமே உணரக்கூடிய மெல்லிய முனகல் இருந்தால், முகங்கள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன.